ஒரு கமரா, ஒரு வில்லை, ஒரு திங்கள்

நிழற்படக் கலையிற் பயிற்சி பெற விழைவோர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் நோன்பு ஒன்று உண்டு. ஒரு கமராவையும் ஒரு வில்லையையும் தெரிந்தெடுத்து, முப்பது நாட்களுக்கு வேறெதனையும் தொடாது, நாள்தோறும் படமெடுத்து, அன்றன்று எடுத்தவற்றுள் ஒன்றை மாத்திரம் வைத்துக்கொள்வதே அந்நோன்பு. விதி மிக எளிது. ஆயினும் இதனை மேற்கொள்ள எண்ணுவோரிற் பெரும்பாலார் முதல் நாளுக்கு முன்னரே இடறிவிடுகின்றனர். எந்தக் கமரா, எந்த வில்லை என்ற வினாவிலேயே அவர்களுடைய திங்கள் கழிந்துவிடுகின்றது. விலைப்பட்டியல்களை ஒப்புநோக்குவதும், நண்பர்களைக் கேட்பதும், கேட்ட நண்பர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூற மயங்குவதுமாக நாட்கள் போகின்றன. அவ்வினாவை ஒழுங்காக ஆராய்ந்தால் விடை அத்துணைக் கடினமானதன்று என்பதைக் காட்டவே இக்கட்டுரை எழுந்தது.

இம்மலரைப் படிப்போருள் மாணவர்க்கு இஃது ஒரு பயிற்சி. அவர்கள் முப்பது நாளிலும் தவறினால் அடுத்த விடுமுறையில் மீண்டும் தொடங்கலாம். புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர் நிலை வேறு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து நான்கு வார விடுமுறையில் ஊருக்கு வருபவர், அந்நான்கு வாரத்துக்குள்ளே தாயையும் தந்தையையும் பிறந்த வீட்டையும் படத்திற் கொள்ள வேண்டியவராகின்றார். மறுமுறை வரும்போது எவர் இருப்பார், எந்தச் சுவர் நிற்கும் என்று யாரே அறிவார்? 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களுள் எத்தனையோ பேர் படத்தொகுப்புகளை வீட்டிலேயே விட்டுச் சென்றனர். இன்று பல குடும்பங்களிற் பாட்டனாரின் முகமாக எஞ்சியிருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த முத்திரையளவுப் படம் ஒன்றே. இவ்வாறு வருபவர் தோளிலே மூன்று வில்லைகளைச் சுமந்து வந்தால், பொருத்தமான வில்லை கமராவில் ஏறுவதற்குள் தாயார் அடுப்படியை விட்டு எழுந்து போய்விடுவார். அவர் மீண்டும் வந்து அமர்ந்து, "இப்போது எடு" என்று கூறும்போது கிடைக்கும் படம் வேறு. முன்னர் தவறியது வேறு.

வில்லையின் குவியத் தூரம் எதனைத் தீர்மானிக்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். தூரத்திலுள்ள பொருளைக் கிட்டக் கொணர்வது ஒரு வகை, கிட்டவுள்ளதை விரித்துக் காட்டுவது மற்றொரு வகை என்றே பொதுவாகச் சொல்லப்படுகின்றது. இது பிழையன்று, ஆனால் வில்லையைத் தெரிந்தெடுப்பவனுக்கு உதவாது. அவனுக்கு வேண்டியது இதுவே: படமெடுப்பவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை வில்லை தீர்மானிக்கின்றது. கமரா ஒன்று, வில்லை ஒன்று என்று வரையறுத்தபின், காட்சியைச் சட்டத்துள் அடக்க நம்மிடம் எஞ்சியிருப்பவை நம் கால்கள் மாத்திரமே. ஆகவே வில்லையைத் தெரிதல் என்பது உண்மையில், இந்தத் திங்கள் முழுவதும் மனிதரிடமிருந்து எத்துணைத் தூரத்தில் நிற்கப் போகின்றோம் என்பதைத் தெரிதலாகும்.

இதனைக் கணக்கினாற் காணலாம். முழுச்சட்டக் கமராவின் ஒளியுணரி, பழைய 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளின் அளவையே கொண்டது. அகலம் 36 மில்லிமீற்றர், உயரம் 24 மில்லிமீற்றர். வகுப்பறையிற் படித்த ஒத்த முக்கோணிகளை நினைவு கூர்க. சட்டத்தின் அகலம் குவியத் தூரத்துக்கு எவ்விகிதமோ, காட்சியின் அகலம் நாம் நிற்கும் தூரத்துக்கும் ஏறக்குறைய அவ்விகிதமே. ஆகவே 3 மீற்றருக்கு அப்பாலுள்ள சுவரிலே 28 மில்லிமீற்றர் வில்லை 3.86 மீற்றர் அகலத்தையும், 35 மில்லிமீற்றர் வில்லை 3.09 மீற்றரையும், 50 மில்லிமீற்றர் வில்லை 2.16 மீற்றரையும், 85 மில்லிமீற்றர் வில்லை 1.27 மீற்றரையும் காணும். இவற்றுள் 35 மில்லிமீற்றரின் கணக்கு நினைவிற் கொள்ள மிக எளிது. நிற்கும் தூரம் எவ்வளவோ, காணும் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. 50 மில்லிமீற்றருக்குத் தூரத்திற் பத்தில் ஏழு பங்கு. இவ்விரண்டையும் மனத்திற் பதித்தவன் கமராவைக் கண்ணுக்கு உயர்த்து முன்னரே சட்டத்தின் ஓரங்கள் எங்கே விழும் என்று கூறிவிடுவான்.

கணக்கை மறுபுறமாகவும் பார்ப்போம். நின்றுகொண்டிருக்கும் ஒருவரை, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம் விட்டு, கமராவை நெடுக்காகப் பிடித்து எடுக்க வேண்டின் 2 மீற்றர் உயரம் சட்டத்துள் அடங்க வேண்டும். அதற்கு 28 மில்லிமீற்றர் வில்லையுடன் ஒன்றரை மீற்றரிலும் சற்றே கூடிய தூரத்திலும், 35 உடன் இரண்டு மீற்றருக்கு உட்பட்டும், 50 உடன் 2.8 மீற்றரிலும், 85 உடன் 4.7 மீற்றரிலும் நிற்க வேண்டும். எண்களை விட்டு ஊர்வழக்கிற் கூறுவோமாயின், ஒன்றரை மீற்றர் என்பது உறவினர் நிற்கும் இடம். இரண்டு மீற்றர் என்பது வந்தவரோடு விறாந்தையில் இருந்து கதைக்கும் இடம். மூன்று மீற்றர் என்பது வேலிக்கு அப்பால் நின்று சுகம் விசாரிக்கும் அயலவர் இடம். ஐந்து மீற்றருக்கு அண்மித்தால் ஒழுங்கைக்கு அப்பால் நிற்கும் அந்நியர் இடம். படத்தைப் பார்ப்பவர் இத்தூரத்தை உணர்வர். எண்ணிச் சொல்லத் தெரியாதவரும் உணர்வர்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். அகல்கோண வில்லை முகத்தைக் கோணலாக்கும் என்றும், நெடுங்குவிய வில்லை முகத்தை அழகாக்கும் என்றும் கூறுவர். குற்றம் வில்லையினுடையதன்று, தூரத்தினுடையது. தலையும் தோளுமாக 60 சென்ரிமீற்றர் உயரத்தைச் சட்டம் நிறைய எடுக்க 28 மில்லிமீற்றர் வில்லையுடன் 47 சென்ரிமீற்றர் வரை நெருங்க வேண்டும். மூக்கு நுனி காதிலிருந்து ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் முன்னே நிற்கின்றது. மூக்கு 47 இலும் காது 59 இலும் இருக்கும்போது, மூக்குக் காதைவிடக் கால் பங்கு பெரிதாகத் தோன்றுமன்றோ? 85 மில்லிமீற்றருடன் நாம் நிற்பது 1.42 மீற்றரில். அங்கிருந்து பார்க்கும்போது அவ்வேறுபாடு பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகின்றது. 28 மில்லிமீற்றர் வில்லையையும் அதே 1.42 மீற்றரில் நிறுத்தி எடுத்துப் பின்னர் வெட்டிப் பெருப்பித்தால் முகத்தின் அமைப்பு 85 இல் எடுத்ததை ஒத்தே இருக்கும். இயலுருத் தோற்றம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது, வேறெதனையும் பொறுத்ததன்று. சூம் வில்லைக்கு இந்நோன்பில் இடமில்லாமைக்குக் காரணமும் இதுவே. சூம் வில்லை தாழ்ந்தது என்பதற்கன்று. இன்றைய சூம் வில்லைகள் மிகச் சிறந்தவை. அது நின்ற இடத்தில் நின்றபடியே கைமுறுக்கால் விடயத்தை முடித்துவிடுகின்றது. ஓரடி முன்னே வைத்தால் என்ன நிகழும் என்பதை அவ்வாறு எடுப்பவன் ஒருபோதும் அறியான்.

50 மில்லிமீற்றர் வில்லை "இயல்பு வில்லை" என்று பெயர் பெற்ற வரலாறும் அறியத்தக்கது. ஜெர்மனியில் லைற்ஸ் தொழிற்சாலையிற் பணிபுரிந்த ஒஸ்கார் பார்ணாக், சினிமாச் சுருளைக் கிடையாக ஓடவிட்டு 24 × 36 மில்லிமீற்றர்ச் சட்டம் பெறும் சிறு கமராவொன்றை 1914 அளவில் அமைத்தார். அதன் வழிவந்த லெய்க்கா 1925 இல் லைப்சிக் நகரக் கண்காட்சியிற் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டபோது அதிற் பூட்டியிருந்தது 50 மில்லிமீற்றர் வில்லை. சட்டத்தின் மூலைவிட்ட நீளம் 43.3 மில்லிமீற்றர், குவியத் தூரம் அதற்கு அண்மையாக இருப்பின் இயல்பு வில்லை என்பது வழக்கு. மனிதக் கண் காண்பதையே அது காண்கின்றது என்று கூறுவாரும் உளர். கண் இரு மருங்கும் விரிந்து காண்பது; அதே வேளை ஓர் எழுத்தையும் நுணுகிப் பார்ப்பது. அதற்கு மில்லிமீற்றரில் அளவு கூறுதல் பொருந்தாது. பொருந்தும் காரணம் வேறொன்று உண்டு. படத்தை எடுத்த குவியத் தூரத்தைப் பெருப்பித்த மடங்காற் பெருக்கினால், எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்த்தால் இயலுருத் தோற்றம் சரியாகத் தெரியும் என்பது கிடைக்கும். 24 × 36 சட்டத்தை 7 மடங்கு பெருப்பித்தால் 17 × 25 சென்ரிமீற்றர் அளவுள்ள படம். 50 ஐ 7 ஆற் பெருக்க 35 சென்ரிமீற்றர். புத்தகத்தைக் கையிற் பிடித்துப் படிக்கும் தூரம் அதுவன்றோ! 50 மில்லிமீற்றர்ப் படங்கள் அமைதியாகத் தோன்றுவதற்கு இஃது ஒரு காரணம் என்பது என் கருத்து.

பெரும் படப்பிடிப்பாளர் சிலர் வாழ்நாள் முழுவதுமே இத்தகைய நோன்பை மேற்கொண்டவர்போல் உழைத்தனர். பிரான்சு தேசத்தவரான ஹென்றி கார்த்தியே-பிறெஸ்ஸோன் 1932 இல் லெய்க்கா ஒன்றை வாங்கியது முதல் மிகப் பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் வில்லையொன்றையே கையாண்டார். 1948 ஜனவரி 30 ஆம் நாள் காந்தியடிகளைக் கண்டு படமெடுத்து மீண்டவர் அவர். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அடிகள் சுடப்பட்டார். அந்நாட்களில் டில்லியில் அவர் எடுத்த படங்களை நோக்குக. கூட்டத்தின் நடுவே நின்றவர் ஒருவர், ஆயினும் எவரையும் இடிக்காது நின்றவர், என்பது தெரியும். செக்கோசிலவாக்கியாவிற் பிறந்த யோசேப் கூதெல்காவோ 1960 களில் நாடோடி மக்களின் குடியிருப்புகளிற் படமெடுத்தபோது 25 மில்லிமீற்றர் வில்லையைப் பயன்படுத்தினார். அவ்வீடுகள் ஒற்றையறை வீடுகள். உள்ளே நின்று ஒரு குடும்பத்தையும் அதன் சுவரையும் கட்டிலையும் ஒருங்கே காட்ட வேறு வழி இல்லை. அந்த வில்லையுடன் வேலிக்கு வெளியே நிற்கவும் இயலாது. இருவர் தெரிவும் வேறு, இரண்டும் சரியே. ஒருவர் நடமாடும் வீதியை நாடினார், மற்றவர் வசிக்கும் அறையை நாடினார்.

யப்பானியத் திரைப்பட நெறியாளர் ஒசு யசுஜிரோவையும் இவர்களோடு சேர்க்கலாம். சினிமாச் சட்டம் சிறிதாகலின் அவருடைய 50 மில்லிமீற்றர் வில்லை நம் கணக்கிற் சற்று ஒடுங்கியதாகவே இருக்கும். எனினும் பிற்காலப் படங்களில் ஏறக்குறைய முழுவதும் அவ்வொரு வில்லையையே கொண்டு பணிபுரிந்தார். 1953 இல் வெளிவந்த அவருடைய "தோக்கியோக் கதை" முதிய பெற்றோர் பிள்ளைகளின் வீட்டுக்குச் சென்று திரும்பும் கதை. அதிற் கமரா பெரும்பாலும் தரையிற் பாய்மேல் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கும் தாழ்ந்து நிற்கின்றது. நம் வீடுகளிலும் பெரியோர் திண்ணையிலும் பாயிலும் அமர்ந்தே பொழுதைப் போக்குவர். நின்றபடி அவர்களைக் குனிந்து எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் உச்சந்தலையே மிகுதியாகத் தெரிகின்றது. எந்த வில்லையாயினும் ஆகுக. அமர்ந்தவரை எடுப்பவன் தானும் அமர்ந்து எடுத்தல் வேண்டும்.

இனி, நம் தேவைக்கு எது பொருந்தும்? பழைய யாழ்ப்பாணத்து வீட்டின் அறை பத்தடி சதுரம் என்று கொள்வோம். ஏறக்குறைய 3 மீற்றர். சுவரோடு முதுகு ஒட்ட நின்றாலும் எதிரே இருப்பவர் இரண்டரை மீற்றரில் இருப்பார். அத்தூரத்தில் 50 மில்லிமீற்றர் வில்லை காண்பது 1.8 மீற்றர் அகலம். தாயார் அகப்படுவார்; அடுப்பு அகப்படாது. 35 மில்லிமீற்றர் காண்பது 2.57 மீற்றர். தாயாரும் அடுப்பும் பக்கத்தில் இருக்கும் திருவலையும், புகை படிந்த சுவரிலே மாட்டிய சுளகும் வந்து சேரும். 28 மில்லிமீற்றர் 3.2 மீற்றர் காணும். ஆயின் ஓரத்தில் இருப்பவர் முகம் இழுபட்டுத் தோன்றும், நடுவிலுள்ளவர் சிறுத்துப் போவார். ஊருக்கு வருபவர்க்கு, வீட்டையும் வீட்டாரையும் ஒருங்கே எடுக்க விரும்புபவர்க்கு, 35 மில்லிமீற்றரே ஏற்றது என்று துணிந்து கூறுவேன். அவ்வில்லை திண்ணைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் ஒருங்கே உதவும்.

கூச்சமுள்ள மாணவர்க்கு 50 ஐயே சொல்வேன். முதல் வாரத்திலேயே அந்நியரிடம் இரண்டு மீற்றருக்கு உட்பட நெருங்குவது பலர்க்கு இயலாது. இயலாதவர் 35 ஐ வைத்துக்கொண்டு ஐந்து மீற்றரில் நின்று, பாதி வானமும் பாதித் தெருவுமாகப் படம் எடுப்பர். 85 ஐ இந்நோன்புக்கு எவரும் எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அது முகத்துக்கு நல்ல வில்லைதான். ஆனால் முப்பது நாளும் ஒழுங்கைக்கு அப்பாலே நின்று கழிப்பதற்கா இவ்வளவு முயற்சி?

வில்லை முடிவானபின் கமராவைப் பற்றிய வினா பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும். கையில் உள்ளது எதுவோ அதுவே கமரா. ஆனால் ஒளியுணரியின் பருமனை மாத்திரம் நோக்க வேண்டும். மாணவர் கையிற் காணப்படும் கமராக்களிற் பல முழுச்சட்டத்தினும் சிறிய ஒளியுணரி கொண்டவை. அவற்றின் அகலம் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் ஆகலின் குவியத் தூரத்தை ஒன்றரையாற் பெருக்கிக் கொள்க. கனன் கமராவாயின் 1.6 ஆற் பெருக்குக. அத்தகைய கமராவில் 23 அல்லது 24 மில்லிமீற்றர் வில்லை முழுச்சட்டத்து 35 இன் தொழிலைச் செய்யும். 35 மில்லிமீற்றர் வில்லை ஏறக்குறைய 50 இன் தொழிலைச் செய்யும். மலிவு என்பதற்காக 50 மில்லிமீற்றர் வில்லையை வாங்கிச் சிறு ஒளியுணரிக் கமராவிற் பூட்டி, இயல்பு வில்லை கிடைத்ததென மகிழ்வோர் பலர். அவர்கள் பூட்டியது 75 ஆகவோ 80 ஆகவோ வேலை செய்யும் என்பதை முதல் நாளே உணர்த்த வேண்டியுள்ளது.

புதிய வில்லை வாங்க வசதியில்லாத மாணவன் கமராவோடு வந்த 18–55 சூம் வில்லையையே கொள்ளலாம். வளையத்தை 24 இல் நிறுத்தி, ஒட்டுநாடாவினால் இரண்டு சுற்றுச் சுற்றி, திங்கள் முடியும்வரை அவிழாதிருந்தால் அதுவே நிலைக் குவிய வில்லை. கைத்தொலைபேசி வைத்திருப்பவனும் ஒதுக்கப்பட்டவன் அல்லன். அதன் பிரதான கமரா முழுச்சட்டக் கணக்கில் ஏறக்குறைய 24 முதல் 26 மில்லிமீற்றர். இரு விரலால் விரித்துப் பெருப்பிப்பதை மாத்திரம் விலக்கினாற் போதும். எதிர்மாறாக, வாங்கும் வசதியுடையோர் வில்லை கழற்ற இயலாத கமராக்களை நாடலாம். 2011 இல் தோன்றிய பியூஜியின் எக்ஸ் 100 வரிசையில் வரும் வில்லை 35 க்கு நிகரானது, றிக்கோவின் ஜீ.ஆர். கமராக்கள் நெடுங்காலம் 28 க்கு நிகரான வில்லையையே கொண்டு வந்தவை. அவற்றில் வேறு வில்லைக்கு ஆசைப்பட வழியே இல்லை. நோன்பிருப்பவன் வீட்டிற் பலகாரமே இல்லாதிருப்பது போன்றது அது.

ஒளியைப் பற்றி நம் நாட்டுக்குரிய சில செய்திகள் உண்டு. யாழ்ப்பாணம் ஏறக்குறைய வட அகலக்கோடு 9 பாகை 40 கலையில் உள்ளது. ஆகவே சித்திரை பிறக்கும் ஏப்ரல் நடுப்பகுதியிலும், ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகலிற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. அவ்வேளை வெளியில் எடுத்த முகங்களிற் கண்குழி இரண்டும் கருமையாகி, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் கருதி விடுமுறை எடுப்போர் பெரும்பாலும் இவ்வொளியிலேயே வந்து இறங்குகின்றனர். பகல் பத்து மணி முதல் மூன்று மணி வரை கமராவை விறாந்தைக்குள்ளும் வேப்பமர நிழலுக்குள்ளும் கொண்டு செல்க. முற்றத்து மணலிற் பட்டுத் தெறிக்கும் வெயில் விறாந்தையில் அமர்ந்தவர் முகத்தைக் கீழிருந்து மெல்ல ஒளிரச் செய்யும். இதற்கு ஈடான விளக்கை எந்த நிழற்படக் கூடத்திலும் காணுதல் அரிது.

மாலையோ விரைந்து போவது. நம் அகலக்கோட்டிற் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்த இருபது நிமிடமளவில் இருள் சூழ்ந்துவிடும். அப்போதுதான் வீட்டில் விளக்கேற்றுவர். நிலைக் குவிய வில்லையின் பெரும் பயன் இங்கே வெளிப்படும். சாதாரண சூம் வில்லையின் நெடுமுனையில் துவார எண் 5.6, சிறியதொரு நிலைக் குவிய வில்லையில் துவார எண் 2. ஒளி துவார எண்ணின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதமாகலின் இரண்டாவது ஏறக்குறைய எட்டு மடங்கு ஒளியை உட்கொள்ளும். செக்கனின் எட்டிலொரு பங்கு திறந்திருந்து, கை நடுங்கிக் கெட்டுப்போகும் படம், அறுபத்து நான்கிலொரு பங்கில் தெளிவாக விழும். குத்துவிளக்கின் முன் நிற்பவர் முகத்தை மின்னொளி வெட்டாமல் எடுக்க இது போதும்.

வெயிலிற் படமெடுப்போர்க்கு முன்னோர் கையாண்ட முறையொன்று இன்றும் பழுதுபடவில்லை. முழுச்சட்டக் கமராவில் 35 மில்லிமீற்றர் வில்லையைத் துவார எண் 8 இல் வைத்து, குவியத்தை 3 மீற்றரில் நிறுத்தினால், 1.9 மீற்றர் முதல் 7 மீற்றர் வரை உள்ளவை யாவும் தெளிவாகவே விழும். 50 மில்லிமீற்றரில் அதே நிலைக்குக் கிடைப்பது 2.3 முதல் 4.2 மீற்றர் வரையே. ஒளியுணர்திறன் 200 ஆயின் நல்ல வெயிலில் ஷட்டர் வேகம் செக்கனின் 800 இல் ஒரு பங்கு. இவற்றைக் காலையில் ஒருமுறை அமைத்துவிட்டால், பின் கமராவில் திருப்ப வேண்டியது எதுவும் இல்லை. சந்தையில் மீன் வெட்டுபவரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சந்தை என்றதும் ஒன்று கூற வேண்டியதாகின்றது. மறைந்திருந்து எடுத்தலே கலை என்று எண்ணுவார் உளர். இரண்டு மீற்றரில் நிற்பவன் மறைந்து நிற்க இயலாது. "அம்மா, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்டல் முறை. மறுப்பவர் சிலர்; மறுத்தால் வணங்கி அப்பாற் செல்க. இசைந்தவர் முதலில் நிமிர்ந்து விறைத்து நிற்பார். அந்தப் படத்தையும் மரியாதையாக எடுத்துக்கொண்டு, மரக்கறி விலையைக் கேட்டு, ஒரு கட்டுக் கீரையும் வாங்கினால், ஐந்து நிமிடத்தில் அவர் தம் வேலையில் மூழ்கிவிடுவார். வேண்டியது அதன் பிறகு கிடைக்கும். தூரத்திலிருந்து இழுத்தெடுக்கும் வில்லை உடையவனுக்கு இந்த ஐந்து நிமிடமும் இல்லை, கீரையும் இல்லை.

திங்களின் நடை பெரும்பாலும் ஒரே வகையாகவே அமையும். முதல் வாரத்தில் உற்சாகம் மிகும். கோபுரம், பனை, பண்ணைக்கடல் என்று கண்ணிற்பட்டவை யாவும் படமாகும். இரண்டாம் வாரத்தில் வில்லையின்மேல் வெறுப்பு உண்டாகும். கோபுரக் கலசத்துக்கு எட்டவில்லை, தேர் முழுவதும் அடங்கவில்லை என்று குறைகள் தோன்றும். வேறு வில்லையை எடுக்கும் சோதனை நேர்வது அப்போதே. பலர் நோன்பை முறிப்பதும் அந்த வாரத்திலேயே. முறிக்காதவர்க்கு மூன்றாம் வாரத்தில் ஒரு மாற்றம் நிகழும். அடங்காதவற்றை விட்டுவிட்டு அடங்குபவற்றைக் கண் தானாகவே தேடத் தொடங்கும். தேர் முழுவதையும் விட்டு, வடம் பிடித்த கைகளைக் காணும். கமராவை உயர்த்து முன்னரே கால்கள் சரியான இடத்திற் சென்று நிற்கும். நாளொன்றுக்கு 36 படத்துக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று நான் கூறுவதற்குக் காரணம், பழைய படச்சுருளின் நீளத்தில் எனக்குள்ள பற்று மாத்திரமன்று. முந்நூறு படம் எடுத்தவன் இரவில் அவற்றைப் பார்க்கமாட்டான்; பாராதவன் கற்கமாட்டான். அன்றன்று ஒன்றைத் தெரிந்து, ஏனையவற்றை ஏன் விலக்கினோம் என்பதைக் கொப்பியில் ஒரு வரி எழுதிவைத்தல் நன்று.

கருவியைப் பேணுதல் குறித்து ஒரு சொல். நம் ஈரக்காற்றில் வில்லையின் உள்ளே பூஞ்சணம் படரும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்குமாதலால் அதனுள் வில்லையை நெடுநாள் விடலாகாது. கடல் கடந்து நயினாதீவு சென்று வந்த மாலையில் உப்பு ஈரத்தைத் துடைத்து வைக்க.

முப்பதாம் நாள் முடிவில் முப்பது படங்கள் இருக்கும். அவற்றுட் பன்னிரண்டைத் தெரிந்து தாளில் அச்சிட்டுக் கொள்க. இலங்கையின் தலைசிறந்த நிழற்படக் கலைஞரான லயனல் வெண்ட் 1944 இற் காலமானபின் அவருடைய மறைப்படங்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் அவருடைய இலங்கையைக் காண்கின்றோமெனின், அவர் தம் கையாலே தாளிற் பதித்து வைத்த படங்களும், 1950 இல் வெளிவந்த நூலுமே காரணம். தொலைபேசியிலும் கணினியிலும் கிடப்பவை அக்கருவியின் ஆயுள் உள்ளவரை மாத்திரமே இருப்பவை. கடவுச்சொல் தெரிந்தவர் மறைந்தால் அவையும் மறைந்தனவே. இரண்டு படி அச்சிட்டு, ஒன்றை ஊரிலும் ஒன்றைப் பிறநாட்டிலும் வைத்தல் தகும்.

அச்சிட்ட தாளின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாது எழுதுக. இக்காலத் தாள்களிற் சில வழுவழுப்பாக இருப்பதால் பென்சில் பற்றாது. அவற்றுக்கு அழியா மையுள்ள பேனாவைக் கொண்டு எழுதி, மை நன்கு உலர்ந்த பின்னரே ஒன்றன்மேல் ஒன்று அடுக்குதல் வேண்டும். "அம்மா, அடுப்படி" என்று மாத்திரம் எழுதினாற் போதாது. நாற்பது ஆண்டு கழித்து அதனைக் கையில் எடுக்கும் பேரப்பிள்ளைக்கு எவருடைய அம்மா, எந்த ஊர் அடுப்படி என்பது தெரியாது. முழுப்பெயர், பிறந்த ஊர், வீடு நின்ற ஒழுங்கை, எடுத்த திகதி ஆகியவற்றை எழுதுக. கடைசியாக, இடம் இருந்தால், வில்லையின் அளவையும் எழுதுக.